பேரத்துக்கு வைத்த சிஸ்டம்

என் அண்ணனுக்குக் கம்பெனியில் ‘பாத்துப்போடு’ என்று பட்டப்பெயர். கொள்முதல் மேலாளர் என்று கதவில் எழுதியிருந்தாலும் முதுகுக்குப் பின்னால் அவனை யாரும் அப்படிச் சொன்னதில்லை. திருகாணி விற்க வந்தவராக இருந்தாலும் சரி, திரை விற்க வந்தவராக இருந்தாலும் சரி, எதிரில் உட்கார்ந்தவர் விலையைச் சொன்னதும் இவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “கொஞ்சம் பாத்துப் போடுங்க” என்பான். அப்புறம் மேஜை டிராயரைத் திறந்து வேறு கம்பெனிக்காரனுடைய சாம்பிளை எடுத்து நடுவில் வைப்பான். அந்த வேறு கம்பெனிக்காரனிடம் ஒரு சாமான்கூட வாங்கியிருக்க மாட்டான், வாங்கவும் மாட்டான். எடுத்து வைப்பதற்கென்றே வைத்திருப்பான். சின்ன வயதில் பக்கத்துக் கடைச் செருப்பைக் காலில் மாட்டிப் பார்க்கிற சாக்கில் இந்தக் கடையில் விலையைக் குறைத்தவன் அவன். இதெல்லாம் தெரிந்த எனக்கு, அந்த டிராயரில் என் வீட்டுக்காரரையே போட்டு வைத்திருக்கிறான் என்பது மட்டும் உறைக்கவில்லை.

நாங்கள் செய்வது கையில் பிடித்து விளையாடுகிற கம்ப்யூட்டர். இரண்டு பக்கமும் பிடி, நடுவில் திரை, கட்டைவிரலுக்கு இரண்டு குமிழ். பார்த்தால் பொம்மை, உள்ளே முழுக் கம்ப்யூட்டர். முழுக் கம்ப்யூட்டர் என்பதால் அதற்கு ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேண்டும். அதில்தான் எல்லா வம்பும். ஊரெல்லாம் பழகிய சிஸ்டம் ஒன்று இருக்கிறது, அதற்கு மிஷினுக்கு மிஷின் லைசென்ஸ் காசு கட்டவேண்டும். இன்னொன்று, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டிருக்கும் இலவச சிஸ்டம். அதற்குக் காசு கிடையாது, ஆனால் இந்தச் சின்ன மிஷினுக்குப் பொருந்தும்படி அதைச் செதுக்க ஓர் ஆள் உட்கார்ந்து உயிரை விடவேண்டும். அந்த ஆள்தான் என் வீட்டுக்காரர்.

விலைக் கணக்கை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பிறகு தொந்தரவு இருக்காது. போட்டிக் கம்பெனி மிஷின் கடையில் நாற்பத்தோராயிரம். எங்கள் மிஷினை இலவச சிஸ்டத்தோடு முப்பத்தெட்டாயிரத்துக்கு விற்கலாம். லைசென்ஸ் சிஸ்டம் போட்டால், லைசென்ஸ்காரர்கள் கேட்கிற ஏழாயிரத்தையும் சேர்த்து நாற்பத்தைந்து ஆகும். இரண்டும் அதே பெட்டி, அதே திரை, அதே பேட்டரி. பேர் தெரியாத எங்கள் கம்பெனிப் பெட்டிக்கு நாற்பத்தைந்தாயிரம் எவன் கொடுப்பான்? அதனால் முதலாளி இலவச சிஸ்டத்துக்கே முடிவு செய்துவிட்டார் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். நம்பும்படி மாடியில் ஓர் அறை, மூன்று மேஜை, ‘சிஸ்டம் பிரிவு’ என்று கதவில் ஒரு பலகை எல்லாம் கொடுத்திருந்தார்கள். மேஜைதான் மூன்று. ஆள் இவர் ஒருவர்தான்.

அதற்கு முன்னால் இவர் ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். நிரந்தர வேலை. யாரும் எழுப்பிவிட முடியாத நாற்காலி. என் அண்ணன்தான் வீட்டுக்கு வந்து, கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து மனசைக் கலைத்தான்.

“எத்தனை நாளைக்கு மாப்ள நர்ஸுங்க பிரிண்டரைத் தட்டிக்கிட்டு இருப்பீங்க? உங்க மூளைக்கு அது வேலையா? சொந்தமா ஒரு சிஸ்டம் பண்ணுங்க. உங்க சிஸ்டத்தோட மிஷின் கடைக்குப் போற அன்னிக்கு உங்களுக்கு பர்மனென்ட். அது வரைக்கும் கான்ட்ராக்ட். என் தங்கச்சி புருஷனை நான் நடுவுல விட்டுடுவேனா?”

உங்கள் மூளை என்று சொன்னதுமே இவர் பாதி விழுந்துவிட்டார். மீதிப் பாதி, சொந்தமாக ஒரு சிஸ்டம் என்றதும் விழுந்தது. என்னையும் கீழே அசெம்பிளி லைனில் சேர்த்துவிட்டான். கடைசி பெஞ்ச் என்னுடையது. மூடித் திருகி வருகிற மிஷினில் பென் டிரைவைச் செருகி சிஸ்டத்தை ஏற்றுவது, பட்டன்களை அழுத்திப் பார்ப்பது, பெட்டிக்கு அனுப்புவது. புருஷன் மாடியில் எழுதுவதைப் பெண்டாட்டி கீழே ஏற்றுகிறாள் என்று லைனில் எல்லோரும் கேலி செய்வார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

லைனில் இவருக்கு வைத்த பெயர் ‘தூக்கம்’. இவர் தூங்குமூஞ்சி என்பதால் இல்லை. மிஷினைத் தூங்க வைப்பதற்கே இவர் அத்தனை நாளையும் செலவழித்தார். விளையாடிக்கொண்டிருக்கும்போது பஸ் வந்துவிடுகிறது, பட்டனைத் தட்டிப் பையில் போடுகிறீர்கள் என்று வையுங்கள். லைசென்ஸ் சிஸ்டம் போட்ட சாம்பிள் மிஷின் ஒன்றை நானே சோதித்திருக்கிறேன். பையில் போட்டால் அது பாதித் தூக்கத்தில் எழுந்து, தனக்குத்தானே அப்டேட் இறக்கிக்கொண்டு, இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டுக்கொண்டிருக்கும். வெளியே எடுத்தால் பேட்டரி காலி, ஆட்டமும் போச்சு. இவருடையதில் அந்தப் பேச்சே இல்லை. தட்டினால் தூங்கும், மறுநாள் தட்டினால் விட்ட இடத்திலேயே எழுந்து ஓடும். ஒரு குறையும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆன்லைனில் பலபேர் சேர்ந்து சுடுகிற ஆட்டங்கள் சிலவற்றில், திருட்டாட்டம் ஆடுகிறவர்களைப் பிடிக்க ஒரு காவல் புரோகிராம் இருக்கும். அது இலவச சிஸ்டத்தை நம்பாது, வாசலிலேயே நிறுத்திவிடும். “அது என் கையில இல்லம்மா” என்பார் இவர். அந்தப் பேச்சை எடுத்தாலே அன்றைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டார்.

எல்லாம் முடிந்து மிஷின்கள் வரிசையாகக் குடோனுக்குப் போக ஆரம்பித்திருந்த நேரம். ஒரு மத்தியானம் அண்ணன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். கதவைச் சாத்தினான். டீ வரவழைத்தான். அண்ணன் காசில் டீ வந்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

“நாளன்னிக்கு லைசென்ஸ் கம்பெனி ஆளு வர்றாரு,” என்றான். “மாப்ள அவருக்கு டெமோ காட்டணும். நல்லா தூங்கச் சொல்லு. தாடியை எடுத்துட்டு, தேச்ச சட்டை போட்டுட்டு வரச் சொல்லு.”

“அந்த ஆளுக்கு எதுக்கு இவரோட சிஸ்டத்தைக் காட்டணும்? நாமதான் அவங்க சரக்கை வாங்கப் போறதில்லையே.”

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “நீ நிஜமாவே என் தங்கச்சிதானா?” என்றான். “வாங்காம என்ன பண்றது? கடைக்காரங்க அத்தனை பேரும் பழகின சிஸ்டம்தான் கேக்கறாங்க. எல்லா கேமும் ஓடும்னு பெட்டி மேல போட்டாதான் போகும்ங்கறாங்க. அவன் ஏழாயிரத்துல நிக்கிறான். நம்மகிட்ட இன்னொண்ணு ரெடியா இருக்கு, நீ இல்லாட்டியும் நாங்க கடைக்குப் போயிடுவோம்னு அவன் கண்ணால பாத்தாதான் இறங்குவான். ரெண்டுக்கு வந்துட்டான்னா நாப்பதாயிரத்துக்கு வித்து எதிராளியை ஒரு வழி பண்ணிடலாம்.”

“அப்ப இவரோட சிஸ்டம்?”

“அதுக்குத்தானே அது. வேலையை முடிச்சிடும்ல.”

டீ டம்ளரை மேஜையில் வைத்தேன். “இது தெரிஞ்சுதான் ஆஸ்பத்திரி வேலையை விடச் சொன்னியா?”

“வேற யாரு இவ்வளவு உசுரைக் குடுத்துப் பண்ணுவாங்க, சொல்லு. சம்பளத்துக்கு ஒருத்தனை வச்சா ஒப்பேத்திட்டுப் போயிடுவான். லைசென்ஸ்காரன் கிட்ட அது எடுபடாது, பாத்த உடனே சும்மா காட்றாங்கன்னு கண்டுபிடிச்சிடுவான். மாப்ள நிஜமா நம்பிப் பண்றாரு பாரு, அதுக்குத்தான் மதிப்பு.” குரலைத் தாழ்த்தி, ஏதோ எனக்கு நகை எடுத்துக் கொடுப்பவன் மாதிரி, “உனக்கு லைன் சூப்பர்வைசர் போஸ்ட் பேசி வச்சிருக்கேன். அவர் சம்பளம் நின்னாலும் உன்னுது ஏறும். கூடப் பொறந்தவளை விட்டுடுவேனா?” என்றான்.

அவன் முகத்தில் கொஞ்சம்கூடக் குற்ற உணர்ச்சி இல்லை. தங்கைக்கு நல்லது செய்துவிட்ட திருப்திதான் இருந்தது. அந்தத் திருப்தியில் டீயை ஊற்றியிருக்கலாம். ஊற்றாமல் எழுந்து வந்தேன்.

பெஞ்சுக்குத் திரும்பி மிஷின்களைச் செருகிக்கொண்டே யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஒன்று பிடிபட்டது. லைசென்ஸ்காரர் இறங்கினால்தானே அண்ணன் வாங்குவான்? இறங்காவிட்டால் நாற்பத்தைந்தாயிரம் மிஷினை வைத்துக்கொண்டு முதலாளி என்ன செய்வார்? ஊதுபத்தி காட்டுவாரா? குடோனில் இருப்பதை அப்படியே, இவருடைய சிஸ்டத்தோடு, முப்பத்தெட்டுக்குக் கடைக்கு அனுப்புவதைத் தவிர அவருக்கு வேறு கதி கிடையாது. ஆகவே செய்யவேண்டியது ஒன்றுதான். டெமோ சொதப்ப வேண்டும். இவருடைய சிஸ்டம் நொண்டியடிக்க வேண்டும். நொண்டியடித்தால் பிழைக்கும், நன்றாக ஓடினால் செத்தது.

வீட்டுக்குப் போனதும் சோறு போடுவதற்கு முன்னாலேயே இவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்துவார், அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் அதெல்லாம் செய்யவில்லை.

“அப்ப, அவங்களே பயப்படற அளவுக்கு நல்லா இருக்குன்னு மச்சான் சொன்னாரா?” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியைப் பாத்திரத்தில் எறிந்தேன். “உங்களைக் கழுத்தறுத்துட்டாங்கன்னு சொல்றேன், கத்தி நல்ல கத்தியான்னு கேக்கறீங்களே,” என்றேன்.

திட்டத்தைச் சொன்னேன். நடிக்கவெல்லாம் வேண்டாம், இவருக்கு நடிப்பு வராது. போன மாதத்துப் பழைய பதிப்பை மிஷினில் ஏற்றிக் காட்டினால் போதும். அதில் மிஷின் தூங்கி எழும்போது திணறும், சில சமயம் படம் உறைந்து நிற்கும். அதை அப்படியே காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிட வேண்டியது.

“வெளியாளு முன்னாடி அதைக் காட்டணுமா?” என்றார். குழந்தையை நிர்வாணமாகக் கூட்டிப்போகச் சொன்ன மாதிரி முகம்.

“அரை மணி நேரம் அவமானப்படுங்க. அப்புறம் ஊர்ல ஒவ்வொரு கடையிலயும் உங்க சிஸ்டம் இருக்கும். இல்லாட்டி உங்க பெருமையைத் தொட்டுக்கிட்டுதான் சோறு திங்கணும். அதுக்கும் சோறு இருந்தா.”

கடுமையாகத்தான் சொன்னேன். சொல்லாவிட்டால் அவருக்கு ஏறாது. கடைசியில் “சரி” என்றார். பழைய பதிப்பை என் கண் முன்னாலேயே பென் டிரைவில் எடுத்தும் வைத்தார்.

டெமோ முதலாளி அறையில் நடந்தது. நீள மேஜையின் தலைமாட்டில் முதலாளி. அவருக்குப் பக்கத்தில் அண்ணன். எதிரே லைசென்ஸ்காரர். ஒல்லியான மனிதர், வெண்ணெய் மாதிரி பேச்சு, எல்லோரையும் சார் போட்டுத்தான் பேசினார். இவர் தேய்த்த சட்டையில் விறைத்துப் போய் நின்றார். மிஷின்களைத் தட்டில் வைத்து எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. அதனால் எல்லாவற்றையும் கிட்டத்திலிருந்து பார்த்தேன்.

நான் கொடுத்த மிஷினை லைசென்ஸ்காரர் வாங்கினார். பொம்மை குதித்து ஓடுகிற ஓர் ஆட்டம். கொஞ்சம் ஆடிவிட்டு, பட்டனைத் தட்டித் தூங்க வைத்தார். மறுபடி தட்டினார். திரை இருட்டாகவே இருந்தது. இன்னொரு தரம் தட்டினார். படம் வந்தது, பொம்மை ஒரு காலைத் தூக்கியபடி உறைந்து நின்றது. அண்ணனின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். முதலாளி அவன் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். எனக்குள் ஜில்லென்று இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

லைசென்ஸ்காரர் மிஷினை மெதுவாக மேஜையில் வைத்தார். அவர் அதோடு விட்டிருக்கலாம். எங்கள் போதாத காலம், அவருக்குக் கொஞ்சம் இரக்க குணம்.

“பரவாயில்ல சார்,” என்றார் இவரைப் பார்த்து. “இலவச சிஸ்டம்னா இப்படித்தான் இருக்கும், உங்க தப்பு இல்ல. காலேஜ் பசங்க புராஜெக்ட்ல எல்லாம் பாத்திருக்கேன். அதுக்கு இது எவ்வளவோ தேவலை. நல்ல முயற்சி.”

நான் இவரைப் பார்த்தேன். காது மடல் சிவந்துவிட்டது. வேண்டாங்க என்று கண்ணால் சொன்னேன். மேஜை மறைவில் காலை மிதித்தேன், நன்றாகவே மிதித்தேன். மனிதர் காலை இழுத்துக்கொண்டு, தோள் பையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளேயிருந்து அவருடைய சொந்த மிஷினை எடுத்தார். காலையில் கிளம்பும்போதே அதைப் பையில் போட்டிருக்கிறார். என்னிடம் சரி என்று சொன்ன மனிதர், எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்திருக்கிறார்.

“சார், அது பழைய பதிப்பு,” என்றார். “இதைப் பாருங்க.”

லைசென்ஸ்காரர் சிரித்தபடிதான் வாங்கினார். பொம்மை குதித்தது. குதித்து அந்தரத்தில் இருக்கும்போது வேண்டுமென்றே பட்டனைத் தட்டினார். திரை அணைந்தது. தட்டினார். பொம்மை அந்தரத்திலிருந்து தரையில் இறங்கி ஓடியது. மறுபடி, மறுபடி அதையே செய்து பார்த்தார். பின்பக்கத்தைத் தொட்டுச் சூடு பார்த்தார். பேட்டரி அளவைத் திறந்து படித்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. “இதை எத்தனை பேர் சேந்து எழுதினீங்க சார்?” என்று கேட்டார்.

“நான் மட்டும்தான்.”

நான் பார்த்தவரை இவர் முகம் அவ்வளவு அழகாக ஒரு நாளும் இருந்ததில்லை, எங்கள் கல்யாணப் படத்தில்கூட. அப்படியே அறைந்துவிடலாம் போல இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அண்ணனுடைய வேலை. டிராயரைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லாமல் அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “எங்களுக்கு என்ன சார், குடோன்ல ரெடியா நிக்குது. பழகின சிஸ்டமா இருந்தா நல்லாருக்குமேன்னுதான் பாக்கறோம். கொஞ்சம் பாத்துப் போடுங்க” என்றான். லைசென்ஸ்காரர் வெளியே போய் போனில் பேசிவிட்டு வந்தார். ஏழாயிரம் நான்காயிரம் ஆனது. அண்ணன் உதட்டைப் பிதுக்கினான். இரண்டாயிரம் ஆனது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் ஆயிரத்தைந்நூறில் வந்து நின்றது, இரண்டு நிபந்தனைகளோடு. இந்த மிஷினில் வேறு எந்த சிஸ்டமும், அதன் மிச்சம் மீதிகூட, கடைக்கு வரக்கூடாது. சிஸ்டம் பிரிவை மூடிவிட வேண்டும்.

“அதுக்கென்ன,” என்றார் முதலாளி. எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. நானும் இவரும் அந்த அறையிலேயேதான் நின்றுகொண்டிருந்தோம்.

போகும்போது லைசென்ஸ்காரர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பிரமாதம் சார். நிஜமாவே பிரமாதம்” என்றார். மனதாரச் சொன்னார், அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் தேய்த்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் துணிகளை உதறி உதறி மடித்தேன். பேசினால் எதையாவது உடைத்துவிடுவேன்.

“திட்டிடும்மா,” என்றார்.

“சந்தோஷமா உங்களுக்கு?”

“காலேஜ் பசங்க புராஜெக்ட்டுன்னுட்டான். எப்படி விட்டுட்டு வர்றது?” தலையைக் குனிந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, “அப்புறம் அந்தாளு முகத்தைப் பாத்தியா?” என்றார்.

நான் அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அண்ணனை நினைத்து ஒரு பங்கு, இவரை நினைத்து இரண்டு பங்கு.

மறுநாளே குடோனில் இருந்த பெட்டிகளையெல்லாம் உடைத்து மிஷின்களைத் திரும்ப லைனுக்குக் கொண்டுவந்தார்கள். பழையதை அழித்து லைசென்ஸ் சிஸ்டத்தை ஏற்றவேண்டும். கடைசி பெஞ்ச் என்னுடையதாயிற்றே, நான்தான் செய்தேன். அழித்தேன், புதியதை ஏற்றினேன், அணைத்து மறுபடி போட்டேன். திரையில் இவருடைய சிஸ்டம் வந்து நின்றது. திரும்ப அழித்தேன். திரும்ப வந்தது. பக்கத்து பெஞ்ச்காரி முயன்றாள், அவளுக்கும் அதே கதி. வாங்குகிறவர்கள் விவரம் தெரியாமல் எதையாவது அழித்துவிடுவார்கள் என்று பயந்து, இவர் மிஷினுக்குள் ஒரு மூலையில் இன்னொரு பிரதியைப் பூட்டி வைத்திருக்கிறார். மேலே இருப்பதை அழித்தால் அது எழுந்து வந்து தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். என்னிடம்கூடச் சொன்னதில்லை. லைன் முழுக்கச் சிரித்தது. “தூக்கம் போகமாட்டேங்குதுடி” என்று ஒருத்தி கத்தினாள். நானும் சிரித்தேன். வெகு நாளைக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தேன்.

இவருடைய சிஸ்டம் அழியாமல் மிஷின்கள் கடைக்குப் போக முடியாது. போகாவிட்டால் லைசென்ஸ் ஒப்பந்தம் நாறிவிடும். முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி கிழித்தார். நான் கை கழுவுவதாகச் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன். இவர் பலகை கழற்றிய அறையில் சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணன் வருவான். முடியாதுன்னு சொல்லுங்க,” என்றேன். “எனக்குத் தெரியாது, என்னால ஆகாது. அவ்வளவுதான். வேற ஒண்ணும் பேச வேணாம். இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேளுங்க.”

“மாட்டேன்னுதான் சொல்லப் போறேன்,” என்றார். உறுதியாகத்தான் சொன்னார். அவரும் மனிதர்தானே, வலிக்காதா?

அண்ணன் வந்தான். நான் நிற்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, அட்டைப்பெட்டியை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு மேஜைமேல் உட்கார்ந்தான். கெஞ்சுவான், மிரட்டுவான், காசு தருவேன் என்பான் என்று நினைத்தேன். அவன் தொழில் தெரிந்தவன்.

“தப்பா நினைக்காதீங்க மாப்ள. உங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு வெளியில ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். பெரிய கையிங்க. காலையிலேர்ந்து முட்டிட்டு, இதை எழுதினவன் யாருங்க, பூட்டு எங்க இருக்குன்னே தெரியலையேங்கறாங்க. கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டாங்க.”

அப்படி யாரும் வரவில்லை. லைனில்தானே நான் உட்கார்ந்திருக்கிறேன், வந்தால் எனக்குத் தெரியாதா? “பொய் சொல்றான்” என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் காது சிவந்துவிட்டது.

“எந்த வழியா போய்ப் பாத்தாங்களாம்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு எல்லாம் முடிந்தது. அண்ணன் அதற்கு ஏதோ உளறினான், இவர் “அப்படிப் போனா வராது மச்சான்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அட்டைப்பெட்டியிலிருந்து கீபோர்டை வெளியே எடுத்தார். நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். “ஒரு நிமிஷம்மா, இரு” என்று என் கையை விலக்கினார்.

சாயங்காலத்துக்குள் எழுதி முடித்துவிட்டார். பென் டிரைவைத் தானே எடுத்துக்கொண்டு கீழே லைனுக்கு வந்தார். அண்ணன் பின்னாலேயே வந்தான். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இவர் என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து, “போட்டுப் பாரு” என்றார்.

செருகினேன். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓடி முடிந்தது. திரை கறுத்தது.

“அணைச்சிட்டுத் திரும்பப் போடு.”

போட்டேன். இவருடைய சிஸ்டம் எழுந்துவர வேண்டும் என்று வேண்டினேனா, இவர் எல்லோர் முன்னாலும் தோற்கக்கூடாது என்று வேண்டினேனா, எனக்கே குழப்பம். ‘சிஸ்டம் எதுவும் இல்லை’ என்று சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது. மறுபடி போடச் சொன்னார். அதே வரி. பட்டன்களை இப்படியும் அப்படியும் சேர்த்து அழுத்தி, மூலையில் பூட்டி வைத்த பிரதியைத் தானே எழுப்பிப் பார்த்தார். எதுவும் எழவில்லை.

“பாத்தியா?” என்றார். முதலாளி அறையில் பார்த்த அதே முகம். “ஒரு துளி மிச்சம் இல்ல. அந்த ரெண்டு பேரும் வருஷக்கணக்கா உக்காந்தாலும் இது வராது.”

“மாப்ள மாப்ளதான்,” என்று அண்ணன் முதுகில் தட்டினான். தட்டிய கையை எடுக்காமலே, “போகும்போது வாசல்ல உங்க ஐடி கார்டை மட்டும் குடுத்துட்டுப் போயிடுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல, டீ குடிச்சிட்டே போங்க” என்றான்.

“சரி மச்சான்,” என்றார் இவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எல்லாத்துக்கும் இதே மாதிரி வருதான்னு மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்.”

ஒரு ஸ்டூலை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அண்ணன் போய்விட்டான், லைன் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் அடுத்த மிஷினை எடுக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் பயந்துகொண்டே, கொஞ்சம் ஆசையாக, “நல்லா வந்திருக்குல்ல?” என்று கேட்டார்.

“ரொம்ப நல்லா வந்திருக்குங்க,” என்றேன். என் குரல் அண்ணன் குரல் மாதிரியே இருந்தது. அவர் உற்சாகமாகி, தன் கையாலேயே அடுத்த மிஷினை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.